வூண்ட் மெடல் வரலையா? பேப்பரை எங்க பிடிக்கணும், அப்பீல் எப்படி போடணும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அண்ணன் வீட்டுக்கு வந்தாரு, கையில மஞ்சப்பை, அதுக்குள்ள டிஸ்சார்ஜ் புக்கு, ஓரமெல்லாம் சுருண்டு போன ஒரு எக்ஸ்ரே. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு காமிச்சாரு, இடது கெண்டைக்கால் சதையில அரிசி மாதிரி ரெண்டு வெள்ளைப் புள்ளி. கிரனேட் ஸ்ப்ளின்டர், அதாவது வெடிச்சு சிதறின துண்டு. காஷ்மீர்ல ஆர்ஆர்ல, அதாவது தீவிரவாதிகளை எதிர்க்கிற ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்ல இருந்தப்ப பட்டது, இன்னும் உள்ளேயே இருக்கு. டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து மெடல் வரிசையைப் பார்த்தா சைன்ய சேவா இருக்கு, 50ஆவது சுதந்திர மெடல் இருக்கு, 9 வருஷ லாங் சர்வீஸ் இருக்கு, எதிரியால காயம் பட்டவங்களுக்குக் குடுக்குற வூண்ட் மெடல் மட்டும் இல்ல. "அப்பவே கேட்டிருக்கலாம் தம்பி, உயிரோட வந்ததே போதும்னு விட்டுட்டேன்"னாரு.

நான் ஆர்மியில கிளார்க்கா இருந்து ஹவில்தாரா வெளிய வந்தவன். சண்டை போட்ட ஆள் இல்ல, சண்டை போட்டவங்களோட பேப்பரை எழுதின ஆள். அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம், இந்த மெடல் வராம போனா யாரோ வேணும்னு மறுத்திருக்காங்கன்னு நினைச்சு கோவமா பெட்டிஷன் எழுதாதீங்க, நான் பார்த்த கேஸ்ல பெரும்பாலும் ஏதோ ஒரு பேப்பர் நடுவழியில நின்னு போயிருக்கும். அந்த பேப்பரைக் கண்டுபிடிச்சு சரி பண்றதுதான் வேலையே. மெடலைக் கேட்டு சண்டை போடாதீங்க, ரெக்கார்டை சரி பண்ணச் சொல்லிக் கேளுங்க, மெடல் தானா பின்னாடி வரும்.

எந்த மெடலைக் கேக்குறோம்னு முதல்ல தெளிவா இருங்க

நிறைய பேரு இதுல குழம்பிடுறாங்க. வீரத்துக்குக் குடுக்குற சேனா மெடல், சௌர்ய சக்ரா, வீர் சக்ரா இதெல்லாம் வேற. அதுக்கு அப்பவே சிஓ (யூனிட் கமாண்டிங் ஆபீசர்) ரெக்கமண்ட் பண்ணி மேல அனுப்பியிருக்கணும், மேல இருக்குறவங்க ஒத்துக்கணும். "நானும்தான் போஸ்ட்டைப் பிடிச்சேன், எனக்கு ஏன் குடுக்கலை"ன்னு 20 வருஷம் கழிச்சு கேட்டா ஜெயிக்கிறது ரொம்ப கஷ்டம், கோர்ட்டும் அதுல லேசுல கை வைக்காது. வூண்ட் மெடல் அப்படி இல்ல. இந்தியில பராக்ரம் பதக்னு சொல்லுவாங்க, வெள்ளை ரிப்பன், நடுவுல சிவப்புக் கோடு. எதிரியோட நேரடி நடவடிக்கையால காயம் பட்டிருக்கணும், அது போரா இருந்தாலும் சரி, தீவிரவாதிகளை எதிர்த்த ஆபரேஷனா இருந்தாலும் சரி. நீங்க வீரமா நின்னீங்களா பயந்து படுத்துக் கிடந்தீங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க, காயம் பட்டுச்சா, எதிரியால பட்டுச்சா, டாக்டர் பார்த்தாரா, எழுத்துல இருக்கா, அவ்வளவுதான் கேள்வி. அதனாலதான் இதுக்கு அப்பீல் போடுறதுல அர்த்தம் இருக்கு.

அதே சமயம் எல்லா காயமும் இதுல வராது, இதை முன்னாடியே சொல்லிடுறேன், பின்னாடி என்னைத் திட்டக்கூடாது. சியாச்சின்ல பனிக்கடியில விரல் போனவரு, கான்வாய் வண்டி பள்ளத்துல உருண்டு இடுப்பு உடைஞ்சவரு, பனிச்சரிவுல மாட்டினவரு, இவங்க பட்ட கஷ்டம் ஒண்ணும் குறைஞ்சதில்ல, ஆனா "எதிரியின் நேரடி நடவடிக்கை"ங்கிற வார்த்தைக்குள்ள அது உக்காராது. அவங்களுக்கு பேட்டில் கேஷுவல்டி (போர்ச் சூழல்ல பாதிக்கப்பட்டவர்) அந்தஸ்தோ டிசபிலிட்டி பென்ஷனோ கிடைக்க வழி இருக்கலாம், அது தனி ரூட்டு. பேட்டில் கேஷுவல்டின்னு போட்டாலே மெடலும் வந்துடும்னு நினைக்காதீங்க, ரெண்டும் ஒட்டின சமாச்சாரம்தான், ஆனா ஒண்ணு இல்ல. எது பேட்டில் கேஷுவல்டி, எது ஃபிசிக்கல் கேஷுவல்டி (மத்த பாதிப்பு)ன்னு பிரிக்கிறதுக்கு ஆர்மி ஆர்டர் 1/2003ன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்கு அதுக்கு முன்னாடி அடிபட்டிருந்தா அந்தந்த காலத்துல இருந்த ஆர்டரைப் பார்க்கணும்.

பேப்பர் எந்த வழியா போகும்

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. காயம் பட்ட உடனே முதல்ல ஆர்ஏபி, அதாவது யூனிட்டோட முதலுதவி இடம், அங்க பட்டாலியன் டாக்டர் சாப் கட்டு போடுவாரு. அங்கேருந்து ஏடிஎஸ்ங்கிற அடுத்த கட்ட சிகிச்சை இடம், ஃபீல்டு ஹாஸ்பிடல், காஷ்மீர்னா பெரிய காயத்துக்கு ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிடல். ஆள் இந்தப் பக்கம் போக, பேப்பர் அந்தப் பக்கம் போகும். யூனிட்லேருந்து கேஷுவல்டி சிக்னல் அடிப்பாங்க, நம்பர், ரேங்க், பேரு, எப்ப, எங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு. அப்புறம் இன்ஜுரி ரிப்போர்ட், ஐஏஎஃப்ஒய் 2006ன்னு ஃபாரம் நம்பர் சொன்னா எந்த கிளார்க்குக்கும் புரியும். அதுக்கப்புறம் பார்ட் டூ ஆர்டர். இந்த பார்ட் டூ ஆர்டர்தான் உயிர்நாடி. ஆர்மியில ஒரு ஆளுக்கு என்ன நடந்தாலும், கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் குண்டு பட்டாலும், பார்ட் டூ ஆர்டர்ல ஏறினாத்தான் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அது நடந்ததா கணக்கு. ஏறலைன்னா உங்க கால்ல ஸ்ப்ளின்டர் இருந்தாலும் அவங்களைப் பொறுத்தவரைக்கும் உங்க கால் பத்திரமா இருக்கு.

இந்த சங்கிலி அறுந்து போற இடம் சிலது உண்டு. சின்னக் காயம்னு ஆர்ஏபிலேயே கட்டு போட்டு அனுப்பிட்டா ஹாஸ்பிடல் அட்மிஷனே இருக்காது, டாக்டர் சாப் ரிஜிஸ்டர்ல ஒரு வரிதான் இருக்கும். சண்டை நடக்குற நேரத்துல யூனிட் இடம் மாறும், பெட்டி பெட்டியா பேப்பர் போகும், சில பெட்டி போய்ச் சேராது. சில இடத்துல ஹாஸ்பிடல்காரங்க "ஸ்ப்ளின்டர் இன்ஜுரி"ன்னு எழுதியிருப்பாங்க, யூனிட் கிளார்க் பார்ட் டூ ஆர்டர்ல "ஆக்சிடெண்டல்"னு அடிச்சிருப்பான், அந்த ஒரு வார்த்தையிலேயே மெடல் போச்சு. எங்க ஆளுங்களைப் பத்தி நானே இப்படிச் சொல்றேன், ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நாலு பேரோட கேஷுவல்டியை டைப் பண்ணிப் பாருங்க, அப்ப தெரியும்.

ஆர்ஆர்ல இருந்தவங்க இன்னொண்ணு கவனிங்க. ஆர்ஆர்ங்கிறது டெபுடேஷன் மாதிரி, உங்க ரெக்கார்ட் எப்பவும் உங்க சொந்த ரெஜிமென்ட்டோட ரெக்கார்ட் ஆபீஸ்லதான் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்)னா பெங்களூரு, ஆர்ட்டிலரின்னா நாசிக் ரோடு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர், இஎம்இ (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்)னா செகந்திராபாத். ஆர்ஆர் யூனிட்டுக்கே லெட்டர் மேல லெட்டர் போட்டுட்டு பதில் வரலைன்னு உக்காந்திருந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

ஆர்டிஐ போட்டு உங்க பேப்பரை வெளிய எடுங்க

பெட்டிஷன் எழுதுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, அவசரப்படாதீங்க. உங்க ரெக்கார்டுல என்ன இருக்குன்னு தெரியாம பெட்டிஷன் போட்டா "ரெக்கார்டில் இல்லை"ன்னு ஒத்தை வரியில பதில் வரும், அப்புறம் அந்த ஒத்தை வரியை உடைக்கிறதுக்கே வருஷக்கணக்கா அலையணும்.

2005 ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் ஃபீஸ், போஸ்டல் ஆர்டரா வைக்கலாம், ஆன்லைன்லயும் கட்டலாம். காப்பிக்கு பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாள்ல பதில் வரணும், தப்பான ஆபீஸுக்குப் போட்டிருந்தா அவங்களே 5 நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு மாத்தி அனுப்பணும். பதில் வரலை, இல்ல வந்தது சரியில்லைன்னா 30 நாளுக்குள்ள ஃபர்ஸ்ட் அப்பீல், அதுலயும் ஆகலைன்னா 90 நாளுக்குள்ள மத்திய தகவல் ஆணையம். ஆர்மி இந்த சட்டத்துக்குள்ளதான் வருது. அசாம் ரைஃபிள்ஸ், பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் எல்லாம் விலக்குப் பட்டியல்ல இருக்கு, அங்க இருந்தவங்களுக்கு இந்த வழி அவ்வளவு சுலபமா திறக்காது.

எப்படி கேக்குறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. "எனக்கு ஏன் மெடல் தரலை"ன்னு ஆர்டிஐல கேக்கக்கூடாது, அது தகவல் இல்ல, கேள்வி, தூக்கிப் போட்டுடுவாங்க. பேப்பரோட பேரைச் சொல்லிக் கேளுங்க: இன்ன நம்பர் இன்ன பேருள்ள என்னோட, இன்ன தேதியிலேருந்து இன்ன தேதி வரைக்கும் வெளியான எல்லா பார்ட் டூ ஆர்டர் காப்பி, இன்ஜுரி ரிப்போர்ட் காப்பி, கேஷுவல்டி சிக்னல் காப்பி, கோர்ட் ஆஃப் என்கொயரி (ஆர்மியோட உள் விசாரணை) நடந்திருந்தா அதோட காப்பி, மெடிக்கல் போர்டு எல்லாத்தோட காப்பி, ஹாஸ்பிடல் அட்மிஷன் டிஸ்சார்ஜ் விவரம். தேதியை இறுக்கிப் பிடிக்காதீங்க, முன்னாடி பின்னாடி ஒரு மாசம் விட்டுக் கேளுங்க. யூனிட் வார் டைரி முழுசா வேணும்னு கேட்டா பாதுகாப்பு காரணம்னு மறுப்பாங்க, அன்னைக்கு தேதி கேஷுவல்டி பட்டியல்ல என் பேர் வர்ற பகுதி மட்டும் குடுங்கன்னு கேட்டா வர வாய்ப்பு ஜாஸ்தி. கூட அடிபட்டவங்களோட பேப்பரையும் சேர்த்துக் கேக்காதீங்க, மூணாவது ஆளோட தனிப்பட்ட விவரம்னு சொல்லி மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. வீட்டுக்காரர் இறந்து போயி அம்மாவோ அக்காவோ கேக்குறதா இருந்தா ஃபேமிலி பென்ஷன் பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) காப்பியை வெச்சுடுங்க.

அண்ணன் கேஸ்ல என்ன ஆச்சுன்னா, முதல் ஆர்டிஐல "கேஷுவல்டி சிக்னல் எதுவும் இல்லை"ன்னு வந்துச்சு. ஹாஸ்பிடல் டிஸ்சார்ஜ் காப்பி மட்டும் வந்துச்சு, அதுல இடது கெண்டைக்கால் ஸ்ப்ளின்டர் காயம்னு தெளிவா இருக்கு. ஹாஸ்பிடல்ல இருக்கு, சிக்னல்ல இல்லை, எப்படி? ஃபர்ஸ்ட் அப்பீல்ல, அந்த தேதியில அந்த யூனிட்லேருந்து வந்த சிக்னலை நம்பரை வெச்சுத் தேடாம பேரையும் தேதியையும் வெச்சுத் தேடிப் பார்க்கச் சொல்லி எழுதினேன். வந்துச்சு. பேரு சரி, ரேங்க் சரி, ஆர்மி நம்பர்ல 71ன்னு இருக்க வேண்டிய இடத்துல 17ன்னு அடிச்சிருக்கு. யாரோ ஒரு ஆபரேட்டர் விரல் மாத்திப் பட்டிருக்கு. அந்த சிக்னல் எந்த ஃபைலுக்கும் போய்ச் சேராம இத்தனை வருஷம் கிடந்திருக்கு.

சாட்சி, எக்ஸ்ரே

பேப்பர் எல்லாம் கிடைச்சுட்டா சாட்சி அவ்வளவா தேவையில்ல, பேப்பர்ல ஓட்டை இருந்தா கண்டிப்பா வேணும். ரெண்டு பேராவது கூட இருந்தவங்களா பிடிங்க, அதுலயும் அப்ப இருந்த கம்பெனி கமாண்டரோ ஆர்எம்ஓவோ (பட்டாலியன் டாக்டர்) எழுதிக் குடுத்தா அதோட கனமே தனி. பழைய ஆளுங்களை எப்படித் தேடுறதுன்னு கேப்பீங்க, ரெஜிமென்ட் ரீயூனியன், பேட்ச் வாட்ஸப் குரூப், இப்பல்லாம் ஒரே நாள்ல கிடைச்சுடுறாங்க. அஃபிடவிட்ல அவங்க நம்பர், அப்ப இருந்த ரேங்க், கம்பெனி, தேதி, இடம், கண்ணால பார்த்தது என்ன, இது இருந்தா போதும். "இவர் மிகவும் வீரமாகப் போரிட்டார்"னு ரெண்டு பக்கத்துக்கு எழுதி வாங்காதீங்க. "நானும் இவரும் ஒரே பார்ட்டி, எனக்கு பத்தடி தள்ளி இருந்தாரு, கிரனேட் வெடிச்சுது, இடது கால்ல ரத்தம், நான்தான் ஃபீல்டு டிரெஸ்ஸிங் கட்டினேன்", இப்படி நாலு வரி. எல்லா அஃபிடவிட்டும் ஒரே வார்த்தையில இருந்தா படிக்கிறவனுக்கு சந்தேகம் வரும், அவங்கவங்க சொன்ன மாதிரியே இருக்கட்டும், ஒருத்தர் சாயங்காலம்னும் இன்னொருத்தர் இருட்டினப்புறம்னும் சொன்னாலும் பரவாயில்ல.

உடம்புக்குள்ள இன்னும் துண்டு இருந்தா புதுசா ஒரு எக்ஸ்ரே எடுத்து, இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) வழியா இல்ல மிலிட்டரி ஹாஸ்பிடல் டாக்டர்கிட்டேயே "உள்ளே உலோகத் துண்டு இருக்கிறது"ன்னு எழுத்துல வாங்குங்க. 20 வருஷத்துக்கு முந்தின பேப்பர் காணாம போகலாம், ஸ்ப்ளின்டர் எங்கேயும் போகாது. சம்பந்தமில்லாம ஒண்ணு சொல்லிக்கிறேன், ஸ்ப்ளின்டர் இருக்குறவங்க யாராவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா உள்ள இரும்பு இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க, சொல்லாம போயிப் படுத்துடாதீங்க.

பெட்டிஷன்

ஓஐசி ரெக்கார்ட்ஸுக்கு (ரெக்கார்ட் ஆபீஸ் பொறுப்பு அதிகாரி), இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ, ஒரே பக்கம். அதுக்கு மேல போனா யாரும் படிக்கிறதில்ல, நானே படிச்சதில்ல. சாராம்சம் இப்படி இருக்கணும்:

"நான் இன்ன நம்பர், ரேங்க், பேரு. இன்ன தேதி ராத்திரி இன்ன இடத்துல, இன்ன ஆபரேஷன்ல, இன்ன யூனிட்ல இருந்தப்ப தீவிரவாதிகள் வீசின கிரனேட்ல இடது கெண்டைக்கால்ல காயம் பட்டேன். ஆர்ஏபில சிகிச்சை முடிஞ்சு இன்ன தேதி ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆனேன் (இணைப்பு 1). கேஷுவல்டி சிக்னல்ல என் நம்பர் தப்பா பதிவாகியிருக்கு (இணைப்பு 2). அதனால என் ரெக்கார்டுல இந்தக் காயம் ஏறலை. நம்பரைத் திருத்தி, பேட்டில் கேஷுவல்டியா பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, அதன் அடிப்படையில வூண்ட் மெடல் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பாருங்க, மெடல் கடைசியிலதான் வருது. தேதி இடிக்கிற இடம் இருந்தா நீங்களே ஒரு வரியில சொல்லிடுங்க, 12ஆம் தேதி ராத்திரி காயம், 14ஆம் தேதி அட்மிஷன்னா நடுவுல ரெண்டு நாள் எங்க போச்சுன்னு அவன் கேப்பான், மழையில ரோடு இல்ல, ஸ்ட்ரெச்சர்ல இறக்கினாங்கன்னு முன்னாடியே எழுதிட்டா கேள்வியே வராது. ஒரிஜினல் எதையும் அனுப்பாதீங்க, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை போஸ்ட்ல போட்டு தொலைச்சவரு ஒருத்தர் எங்க ஊர்லயே இருக்காரு. ஸ்பீட் போஸ்ட்ல போட்டு ரசீதை ஃபைல்ல ஒட்டி வைங்க, ஒரு காப்பி மாவட்ட முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல குடுத்து அவங்க கவரிங் லெட்டரோட அனுப்பச் சொல்லுங்க, நம்ம ஆளுங்க இன்னும் சைனிக் போர்டுன்னுதான் சொல்லுவாங்க. மூணு மாசம் சத்தமே இல்லைன்னா ஞாபகமூட்டல் ஒண்ணு போடுங்க, அதோட மத்திய அரசோட சிபிகிராம்ஸ் புகார் போர்ட்டல்லயும் ஒரு புகார் பதிஞ்சு விடுங்க.

இன்னும் சர்வீஸ்ல இருக்குற தம்பிங்களா இருந்தா இவ்வளவு சுத்த வேண்டாம், யூனிட் மூலமாவே போகலாம். முதல்ல சிஓ சாப் இன்டர்வியூல சொல்லுங்க, நடக்கலைன்னா ஆர்மி சட்டம் 1950 பிரிவு 26 ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்), ஜவான்களுக்கு, 27 ஆபீசருக்கு, அதுல கம்ப்ளைன்ட் போட உரிமை இருக்கு. வெளிய வந்தப்புறம் தேடுறதை விட உள்ள இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டரை சரி பண்றது ஆயிரம் மடங்கு ஈஸி.

முடியாதுன்னு பதில் வந்தா

நிராகரிச்ச லெட்டரைப் பத்திரமா வைங்க, அதுல சொல்லியிருக்குற காரணம்தான் அடுத்த கட்டத்துக்கு அடிப்படை. அடுத்தது ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல், ஏஎஃப்டி, படையினர் வழக்குக்குன்னு இருக்குற தீர்ப்பாயம், 2007 சட்டம், நமக்கு சென்னையிலேயே பெஞ்ச் இருக்கு. கடைசி உத்தரவு வந்த நாள்லேருந்து 6 மாசத்துக்குள்ள போடணும், மனு குடுத்து 6 மாசமா பதிலே இல்லைன்னாலும் போகலாம். லேட் ஆயிட்டா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனியா ஒரு மனு, காரணத்தோட. இங்க ஒரு வித்தியாசம் கவனிங்க. பென்ஷன் மாசா மாசம் வர்றது, குறைச்சுக் குடுத்தா மாசா மாசம் புதுசா தப்பு நடக்குதுன்னு அர்த்தம், அதனால லேட்டா போனாலும் கேஸ் நிக்கும், ஆனா அரியர்ஸ் பொதுவா மூணு வருஷத்துக்குத்தான் கிடைக்கும், 2008ல தர்செம் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது. மெடல் அப்படி மாசா மாசம் வர்ற விஷயம் இல்ல, அதனால ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்கன்னு கேட்டா சொல்ல பதில் வேணும். "தப்பான நம்பர்ல சிக்னல் இருந்தது இன்ன தேதி ஆர்டிஐ பதில்லதான் தெரிஞ்சுது"ங்கிறது நல்ல பதில், அதுக்கும்தான் ஆர்டிஐயை முதல்ல போடச் சொன்னேன்.

மெடலோட நிறுத்திடாதீங்க

இதை நிறைய பேரு விட்டுடுறாங்க. காயம் பேட்டில் கேஷுவல்டியா ரெக்கார்டுல ஏறிட்டா வார் இன்ஜுரி பென்ஷன் கேக்க வழி திறக்கும், காசு கணக்குல அதுதான் பெரிசு. சாதாரண டிசபிலிட்டி எலிமென்ட் 100 சதவீதத்துக்கு கடைசி சம்பளத்துல 30 சதவீதம். வார் இன்ஜுரி எலிமென்ட், லம்ப்சம் (மொத்தமா ஒரு தொகை) வாங்காம சர்வீஸை முழுசா முடிச்சு வந்தவருக்கு 60 சதவீதம், காயத்தால பாதியில வெளிய அனுப்பப்பட்டவருக்கு முழு 100. கணக்கு போட்டுப் பாருங்க, கடைசி சம்பளம் 30,000, ஊனம் 20 சதவீதம், பிராட் பேண்டிங்ல (ஊன சதவீதத்தை மேல இருக்குற படிக்கு ரவுண்டு பண்றது) அது 50 ஆகுது, டிசபிலிட்டி எலிமென்ட்னா மாசம் 4,500, அதே வார் இன்ஜுரின்னா 9,000, காயத்தால பாதியில வெளிய அனுப்பப்பட்டவருக்கு 15,000. ரிலீஸ் மெடிக்கல் போர்டுல (வெளிய வர்றப்ப டாக்டர்கள் பண்ற பரிசோதனை) 20 சதவீதமாவது போட்டிருக்கணும்ங்கிறது முக்கியம். பிராட் பேண்டிங் சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுன்னு 2014ல ராம் அவதார் வழக்குல தீர்ப்பு இருக்கு. 2023 செப்டம்பர் 21லேருந்து புது ரூல்ஸ் வந்திருக்கு, அதுக்கப்புறம் வெளிய வந்தவங்க அதைப் பார்த்துட்டு கணக்கு போடுங்க. சொந்த ஆர்மி வெச்ச மைன்ல எல்லைப் பக்கம் ஆபரேஷன்ல கால் போனவங்களும் 2001 ஜனவரி 31 லெட்டர்படி வார் இன்ஜுரி வகையில வருவாங்க, மெடல் விஷயத்துல இழுபறி இருந்தாலும் பென்ஷனை விட்டுடாதீங்க.

ரெக்கார்ட் ஆபீஸ் ஒத்துக்கிட்டா முதல்ல பார்ட் டூ ஆர்டர் வரும், மெடல் அதுக்கு அப்புறம் நிதானமா வரும். ஆர்டர் காப்பியை வாங்கி ஸ்பார்ஷ் பென்ஷன் போர்ட்டல்ல இருக்குற உங்க விவரத்தோட ஒரு தடவை ஒத்துப் பாருங்க, டிஸ்சார்ஜ் புக்லயும் என்ட்ரி போடச் சொல்லுங்க. மெடல் கைக்கு வந்ததும் விளிம்புல பொறிச்சிருக்குற நம்பரையும் பேரையும் பாருங்க, தப்பா இருந்தா உடனே திருப்பி எழுதுங்க.

அண்ணனுக்கு பதினோரு மாசம் கழிச்சு பார்சல் வந்துச்சு. எனக்கு போன் பண்ணி வரச்சொன்னாரு. பெட்டியைத் திறந்தவரு ரிப்பனைக்கூட பார்க்கலை, கண்ணாடியை மாட்டிக்கிட்டு மெடலைத் திருப்பி விளிம்பைத்தான் பார்த்தாரு. "7க்கு அப்புறம் 1தான் தம்பி"ன்னாரு.